கீழ் ஓட்டாயிலும் மேல் ஓட்டாயிலும் ஒரு நாள்

கலிபோர்னியாவின் சான் டியாகோ வட்டாரத்தில் ஏரி என்று நாங்கள் பேச்சுவழக்கில் சொல்லும் நீர்நிலைகளில் பெரும்பாலானவை அணை கட்டித் தேக்கியவை. மிராமர், மர்ரே, எல் கேப்பிட்டன், சான் விசென்டே, கீழ் ஓட்டாய் என்று எதை எடுத்துக்கொண்டாலும் அது முதலில் ஊருக்கான குடிநீர்த் தேக்கம். மீன்பிடிப்பு அதற்குப் பிறகுதான். அவற்றில் வாழும் லார்ஜ்மவுத் பாஸ் மீனும் இந்த மண்ணுக்கு உரியதன்று. ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே வாழ்ந்துவந்த இம்மீனை 1891இல் இல்லினாய் மாநிலத்திலிருந்து கொண்டுவந்து, இம்மாவட்டத்து மலைப்பகுதியிலுள்ள குயமாக்கா ஏரியில் விட்டார்கள். மனிதர்கள் தேக்கிய நீரில், மனிதர்கள் கொண்டுவந்து விட்ட மீனைத் தேடிப் போகிறோம் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் இங்கே பாஸ் பிடிப்பதன் நுட்பம் பிடிபடும். நீருக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு முழுதாக மூழ்கிக் கிடக்கிறது. அதன் ஓடை, மேடு, பாறைச்சரிவு ஆகியவற்றை மனத்துக்குள் வரைந்து பார்க்கத் தெரிந்தவருக்கே மீன் கிடைக்கிறது.

கடந்த மே மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் காலையில் கீழ் ஓட்டாய்க்கும் மாலையில் மேல் ஓட்டாய்க்கும் என்று ஒதுக்கிக்கொண்டோம். உடன் வந்தவர் சிவகங்கைச் சீமையிலிருந்து இங்கே வந்து குடியேறிய, வயதில் மூத்த நண்பர். அண்ணன் என்றே அவரை அழைப்பேன். படகு அவருடையது. இரண்டு தேக்கங்களும் சூலா விஸ்டா நகரின் கிழக்கு எல்லையில், ஒரு சாலையின் இரு பக்கங்களில் அடுத்தடுத்து இருக்கின்றன. தெற்கே ஓட்டாய் மலை. அதைத் தாண்டிச் சில மைல்களில் மெக்சிகோ எல்லை வந்துவிடும். மேற்குக் கரையில் ஒலிம்பிக் வீரர்கள் பயிற்சிபெறும் மையம் இருக்கிறது.

மே மாதத்தில் இந்தக் கடலோரத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பசிபிக்கின் குளிர்ந்த நீர்ப்பரப்பில் உருவாகும் தாழ்ந்த மேகம் இரவில் உள்நாட்டுக்குள் நகர்ந்து வந்து, மறுநாள் முற்பகல் வரை, சில நாள்களில் நண்பகல் வரைகூட, கலையாமல் நிற்கும். கடற்கரைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் இதைக் கண்டு சோர்ந்துபோவார்கள். தூண்டில்காரர்களுக்கோ இதைவிட நல்ல வானிலை கிடையாது. பாஸ் மீனுக்குக் கண்ணிமை இல்லை. வெயில் ஏறினால் நிழலையோ ஆழத்தையோ நாடிப் போய்விடும் அது, வானம் மூடியிருக்கும்வரை கரையோரத்து ஆழமற்ற நீரில் துணிந்து வேட்டையாடும். ஆகவே அன்றைய நாளை வெளிச்சமே பகுத்தது என்று சொல்லலாம். மேகம் நின்ற நேரத்துக்கு ஒரு முறை, வெயில் வந்த பிறகு வேறொரு முறை.

வாயில் திறந்ததும் படகைச் சோதித்தார்கள். அடிப்பகுதி, மோட்டார், நீர் வடியும் துளை எல்லாம் உலர்ந்திருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்த்த பிறகே உள்ளே விட்டார்கள். குவாகா என்ற சிறு சிப்பி பரவாமல் தடுப்பதற்கான ஏற்பாடு இது. 2007 ஜனவரியில் கொலராடோ ஆற்றின் மீட் ஏரியில் அச்சிப்பியைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆற்று நீரைக் குழாய்வழி வாங்கிக்கொள்ளும் சான் டியாகோவின் தேக்கங்கள் பலவற்றிலும் அதே ஆண்டுக்குள் அது வந்து சேர்ந்துவிட்டது. நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பது அதன் இயல்பு என்பதால், அது பெருகிய இடங்களில் தண்ணீர் தெளிந்துபோகிறது. குடிநீருக்குத் தெளிவு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மீன்குஞ்சுகளுக்கான உணவையும் அது அள்ளிக்கொண்டு போகிறது. குழாய்களையும் மதகுகளையும் அடைத்துவிடுகிறது. தூண்டில்காரருக்கு வேறொரு சங்கடம். தெளிந்த நீரில் பாஸ் நம்மைத் தொலைவிலிருந்தே பார்த்துவிடும் என்பதால் தூண்டில் நரம்பை மெல்லியதாக்கிக்கொள்ள வேண்டும். படகையும் தள்ளியே நிறுத்த வேண்டும்.

கீழ் ஓட்டாயின் கரை நெடுகிலும் டூலி என்று இங்கே அழைக்கப்படும் கோரை வளர்ந்திருக்கிறது. நம்மூர்க் கோரையின் உறவுதான், ஆள் உயரத்துக்கு மேல் போகக்கூடியது. வசந்தத்தின் பிற்பகுதியில், நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, ஷாட் என்ற வெள்ளிநிறச் சிறுமீன்கள் விடியற்காலையில் இக்கோரையின் அடித்தண்டுகளில் முட்டையை ஒட்டவைக்கக் கூட்டமாக வரும். வெயில் பட்டதும் கலைந்துவிடும். அந்தச் சிறு பொழுதுக்காகப் பாஸ் மீன்கள் கோரைக்கு வெளியே வரிசைகட்டிக் காத்திருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டு அண்ணன் கையால் காட்டினார். கோரைத் தண்டுகள் காற்றில்லாமலே அசைந்துகொண்டிருந்தன. அடியில் விரல்நீள மீன்கள் உரசிப் போகும் அசைவு அது. ஓரிடத்தில் நீர் திடீரென்று உள்வாங்கி, 'களுக்' என்ற ஒலியோடு மூடிக்கொண்டது.

"தம்பி, கோரைக்குள்ளே போடாதே. ஓரத்துல ஒரு முழம் தள்ளிப் போடு."

நீர்மேல் மிதக்கும் பொய்யிரையை அவ்வாறே வீசினேன். முன்பக்கம் குழிந்திருக்கும் பாப்பர் வகை அது. சுண்டி இழுத்தால் நீரைத் துப்பிக்கொண்டு ஓரங்குலம் நகரும். விழுந்த இடத்தில் எழுந்த வட்ட அலைகள் அடங்கும்வரை அதை அசைக்காமல் விடுவது என் வழக்கம். இரண்டாவது சுண்டலில் பொய்யிரை இருந்த இடத்தில் அது இல்லை. பாஸ் தன் இரையைக் கடித்துப் பிடிப்பதைவிட உறிஞ்சி உள்ளே இழுப்பதே மிகுதி. வாயை ஒரு நொடிக்குள் அகலத் திறந்து, நீரோடு சேர்த்து விழுங்கி, நீரைச் செவுள்வழி வெளியேற்றிவிடும். ஓசை கேட்டதுமே கோலைத் தூக்கினால் முள் வெறுமனே திரும்பி வரும். நரம்பில் கனம் ஏறுவதைக் கை உணர்ந்த பிறகே தூக்க வேண்டும். கண்ணும் காதும் அவசரப்படுத்தினாலும் கையை நம்பிப் பொறுத்திருக்கும் அந்தக் கணமே எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்தது.

அது துள்ளி நீருக்கு மேலே வந்து தலையை இரு பக்கமும் உதறியது. படகோரம் வந்ததும் வலையைத் தவிர்த்து, கட்டைவிரலை வாய்க்குள் வைத்துக் கீழுதட்டைப் பிடித்துத் தூக்கினேன். பாஸுக்கு விராலைப் போன்ற கூரிய பல் கிடையாது. உதட்டின் உட்புறம் உப்புத்தாளைப் போல் சொரசொரப்பாக இருக்கும் பற்களில் விரல் சிராய்க்குமே தவிர வெட்டுப்படாது. முதுகு கரும்பச்சை, பக்கவாட்டில் செவுளிலிருந்து வால்வரை ஒழுங்கற்ற கரும்பட்டை, வயிறு வெண்மை. மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னே நீண்டிருந்தது. அருகிலுள்ள வேறு ஏரிகளில் கிடைக்கும் ஸ்மால்மவுத் பாஸில் அது கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடும் என்பதால், இரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய அடையாளம். வாலின் கீழ்விளிம்பு தேய்ந்து சிவந்திருந்ததைக் கொண்டு, இது அண்மையில் முட்டைக்காகக் கூடு துடைத்த மீன் என்று அண்ணன் சொன்னார். இந்த இனத்தில் ஆண்மீன்தான் வாலால் தரையைத் துடைத்துக் கூடு செய்யும். பெண்மீன் முட்டையிட்டுப் போன பிறகும் அங்கேயே நின்று முட்டைகளுக்கு நீர் வீசும். குஞ்சுகள் பொரிந்து கூட்டமாகத் திரியும்வரை காவல் இருக்கும். கூட்டில் நிற்கும் மீனுக்கு எதைக் காட்டினாலும் அதை விரட்டியடிக்க வாயில் கவ்வும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவ்வாறு பிடிப்போர் பலர் உண்டு. சட்டப்படி அதற்குத் தடையும் இல்லை. ஆனால் காவல் மீனைத் தூக்கிய சில நிமிடங்களிலேயே சிறுமீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. நான் கூட்டு மீனைத் தொடுவதில்லை. தொடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

நம்மூர்க் கண்மாய்த் தூண்டிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி அன்று காலை முழுவதும் பேசிக்கொண்டே போனோம். மண்புழுவைக் கோத்து, தக்கையை மிதக்கவிட்டு, ஓரிடத்தில் உட்கார்ந்து மீன் வரும்வரை காத்திருப்பது அங்கே வழக்கம். பாஸுக்குக் காத்திருந்தால் பொழுதுதான் போகும். அது பதுங்கி வேட்டையாடும் மீன். ஏதாவது ஓர் ஓரம், ஒரு நிழல், ஒரு மேடு பள்ளம் இல்லாத வெற்றிடத்தில் அது நிற்காது. கரை எங்கே திரும்புகிறது, கோரை எங்கே தடைபட்டு இடைவெளி விடுகிறது, பாறை எங்கே நீருக்குள் இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்து நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

பத்து மணி அளவில் அணைப் பக்கம் சென்றோம். நூறாண்டுகளைக் கடந்த அணை அது. அந்த இடத்தில் முதலில் இருந்தது, கல்லைக் குவித்து நடுவே எஃகுத் தகடு வைத்து 1897இல் கட்டி முடித்த வேறோர் அணை. 1915 டிசம்பரில், வறட்சியால் தவித்த சான் டியாகோ நகர மன்றம், மழை வருவிப்பதாகச் சொல்லிப் புகழ்பெற்றிருந்த சார்லஸ் ஹாட்ஃபீல்டு என்பவரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. மலைமேல் உள்ள மொரேனா தேக்கத்தை நிரப்பிக் கொடுத்தால் 10,000 டாலர். அவர் மரக்கோபுரம் அமைத்து, தட்டுகளில் ரசாயனக் கலவையை ஊற்றி ஆவியாக்கிக்கொண்டிருந்தார். 1916 ஜனவரியில் வரலாறு காணாத மழை கொட்டியது. ஜனவரி 27ஆம் நாள் கீழ் ஓட்டாய் அணை உடைந்து, பள்ளத்தாக்கில் இருந்த பண்ணைகளையும் மனிதர்களையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஹாட்ஃபீல்டுக்கு அந்தப் பணம் கிடைக்கவே இல்லை. மழையை அவர் வரவழைத்தார் என்று நம்புவதற்கு அறிவியல் இடம் கொடுக்கவில்லை. பெரும் புயல்கள் அடுத்தடுத்து வந்த ஆண்டு அது. இப்போதைய அணை 1919இல் எழுந்தது. அதைக் கட்டிய பொறியாளர் ஹைரம் சாவேஜின் பெயரால் சாவேஜ் அணை என்று அழைக்கிறார்கள். அன்று உயிரிழந்தோரின் எண்ணிக்கையைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாமல் கணக்குகள் வேறுபடுகின்றன என்பது இந்த நீரின்மேல் படகு விடும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது. இங்கே மீன்பிடிக்க வருவோருக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பதினொரு மணிக்குமேல் மேகம் கிழிந்து வெயில் இறங்கியது. கோரையோரம் அடங்கிப்போனது, நாமக்கோழிகள் மட்டும் நடுநீரில் கும்பலாக மிதந்தன. இனிமேல் மீன் ஆழத்தில். ஆனால் எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. கோடை நெருங்க நெருங்க இத்தேக்கங்களில் மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீரும் கலக்காமல் அடுக்காகப் பிரிந்து நிற்கும்; கீழடுக்கில் உயிர்வளி மெல்ல மெல்லத் தீர்ந்துபோகும். பிளவுக்குக் கீழே மீன் தங்காது. அதனால் பழைய ஓடையின் கரை மேடாக எழுந்து அந்தப் பிளவுக்குச் சற்று மேலே வந்து முடியும் இடங்களைத் தேட வேண்டும். ஓட்டாய் கிளை, ஹார்வி கிளை என்று இத்தேக்கத்துக்கு இரண்டு நீண்ட கைகள் உண்டு. ஓட்டாய் கிளையில், மூழ்கிய ஆற்றின் தடம் திரும்பும் ஒரு முனையில் 22 அடி ஆழத்தில், நீருக்குள் இருப்பதை ஒலியலையால் காட்டும் சோனார் திரை ஷாட் கூட்டத்தை ஒரு திரளாகக் காட்டியது. அதன் அடியில் தரையை ஒட்டி, பெரிய மீன்களைக் குறிக்கும் சில வளைகோடுகள்.

இதற்கு ட்ராப் ஷாட் முறை. ஈயக்குண்டு நரம்பின் நுனியில் தொங்கும். அதற்கு ஒரு முழம் மேலே சிறிய முள்ளில் ஆறங்குல ரப்பர்ப் புழு. குண்டு தரையில் உட்கார்ந்திருக்க, புழு மட்டும் நீரில் அலைந்துகொண்டிருக்கும். ஜப்பானியத் தூண்டில்காரர்கள் கையாண்ட இம்முறை 1990களில் கலிபோர்னியாவுக்கு வந்து, இன்று தெளிந்த நீருள்ள இடங்களிலெல்லாம் நிலைத்துவிட்டது. எட்டுப் பவுண்டு இழுவிசை தாங்கும் நரம்பில், கோல்நுனியை மெல்ல நடுங்கவிட்டபடி இருந்தேன். கடி என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. நரம்பு கொஞ்சம் கனமானது, பிறகு பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. அவ்வளவுதான் அறிகுறி. அவ்வாறு வந்தவை ஒன்று முதல் இரண்டு பவுண்டு வரையிலான நடுத்தர மீன்கள். கலிபோர்னியாவின் பெரும்பாலான ஏரிகளில் 12 அங்குலத்துக்குக் குறையாத பாஸ் ஐந்து வரை எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் எடுப்பதில்லை. கையை நனைத்த பிறகே மீனைத் தொடுவது, இரு கைகளாலும் கிடையாகத் தாங்குவது, முள் தொண்டைக்குள் போயிருந்தால் இழுக்காமல் நரம்பை ஒட்ட வெட்டிவிடுவது ஆகிய மூன்றையும் அண்ணன் விடாமல் கடைப்பிடிப்பார்.

பிற்பகலில் படகை ஏற்றிவிட்டு மேல் ஓட்டாய்க்கு நடந்தோம். பரப்பில் சிறியது, சுற்றிலும் கோரை. பார்ப்பவர்களுக்கு ஒரு குட்டையாகத்தான் தெரியும். ஆனால் உலகத்துப் பாஸ் வரலாற்றில் இதன் இடம் பெரிது. 1959இல், சான் டியாகோ நகர ஏரிகளின் பொறுப்பாளராக இருந்த ஆர்வில் பால் என்பவர், புளோரிடாவில் வாழும் பாஸ், இங்கே முன்பே இருந்த வடபுலத்துப் பாஸைவிட மிகப் பெரிதாக வளர்வதை அறிந்து, அதன் குஞ்சுகளை வரவழைத்து இந்தத் தேக்கத்தில் விடச் செய்தார். இங்கிருந்து பிற ஏரிகளுக்கு அவற்றின் சந்ததி போனது. கடுங்குளிர் இல்லாத ஊர் என்பதால் ஆண்டு முழுவதும் அவை வளர்ந்தன. மிராமர் போன்ற ஏரிகளில் குளிர்காலத்துப் பொழுதுபோக்குக்காக வானவில் ட்ரௌட் மீன்களைக் கொண்டுவந்து விட்டபோது, கொழுப்பு மிகுந்த அந்த இரையைத் தின்று பாஸ்கள் முன்பு யாரும் எண்ணிப்பாராத அளவுக்குப் பெருத்தன. 1973இல் மிராமரில் 20 பவுண்டு 15 அவுன்ஸ் எடையில் ஒன்று பிடிபட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள், பெரிய பாஸ் தேடுவோரின் கண் புளோரிடாவை விட்டுத் தென் கலிபோர்னியாவின் குடிநீர்த் தேக்கங்கள்மேல் இருந்தது.

உலகச் சாதனை இன்றும் 22 பவுண்டு 4 அவுன்ஸ். 1932 ஜூன் 2ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி பிடித்தது. 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனபு குரிதா பிடித்தது அதற்குச் சமமாகப் பதிவாகியுள்ளது. ஆனால் 2006 மார்ச்சில் எங்கள் மாவட்டத்து டிக்சன் ஏரியில் மேக் வீக்லி என்பவரின் தூண்டிலில் வந்த மீன் 25 பவுண்டு 1 அவுன்ஸ் காட்டியது. முள் வாயில் மாட்டாமல் உடலின் பக்கவாட்டில் மாட்டியிருந்தது. எடைபார்த்து, படமெடுத்து, நீரில் விட்டுவிட்டார், சாதனைக்கு விண்ணப்பிக்கவில்லை. பாஸ் பிடிப்பவர்கள் செய்த செயல்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். 2008இல் அது இறந்து மிதந்தபோது, செவுளருகே இருந்த கரும்புள்ளியைக் கொண்டு அதே மீன் என்று அடையாளம் கண்டார்கள்.

அண்மை ஆண்டுகளில் மரபணு ஆய்வாளர்கள் புளோரிடா பாஸைக் கிளையினமாகக் கொள்ளாமல் தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். தூண்டில்காரர்கள் அந்த வேறுபாட்டைத் தங்கள் அனுபவத்தில் நெடுங்காலமாகவே அறிவார்கள். புளோரிடா பாஸ் மிகுந்த எச்சரிக்கை உடையது. வடபுலத்துப் பாஸ் பாயும் பொய்யிரையை அது அருகில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். மேல் ஓட்டாயில் அன்று அதைக் கண்ணாலேயே பார்த்தேன். வெயிலில் தரை தெரியும் அளவுக்குத் தெளிந்த நீரில், கோரை நிழலிலிருந்து ஒரு பெரிய மீன் வெளிவந்து, என் ரப்பர்ப் புழுவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பக்கத்துடுப்புகள் மட்டும் மாறி மாறி அசைந்தன. புழு அசையவில்லை, நானும் அசையவில்லை. பிறகு அது பின்னோக்கி நகர்ந்து நிழலுக்குள் போய்விட்டது.

இங்கே செயற்கை இரை மட்டும்தான். முள்ளின் உட்புறமுள்ள எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். பிடித்த பாஸ் அனைத்தையும் திருப்பி விட வேண்டும். அண்ணன் ஒரு மணி நேரம் ஒரே கோரை இடைவெளியில் பொறுமையாக வீசிக்கொண்டிருந்துவிட்டு, ஐந்து பவுண்டுக்குக் குறையாத ஒன்றைக் கரைசேர்த்தார். எதிர்முள் இல்லாததால், நரம்பைத் தளர்த்தியதுமே முள் தானாகக் கழன்றது. மீன் நீரை விட்டு வெளியே வரவேயில்லை.

போக விரும்புவோர்க்குச் சில சொற்கள். 16 வயது நிரம்பியோர்க்கு மாநில மீன்பிடி உரிமம் தேவை; நகரத்தின் நாள் அனுமதிச் சீட்டு தனி. வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே திறப்பார்கள் என்பதால் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். குடிநீர் என்பதால் கீழ் ஓட்டாயில் நீந்தக்கூடாது. படகு இல்லாதவர்கள் மேல் ஓட்டாயிலிருந்தே தொடங்கலாம். அங்கே போகும்போது ஆறு பவுண்டுக்கு மேற்படாத மெல்லிய நரம்பும், எடை சேர்க்காத ரப்பர்ப் புழுவும் எடுத்துச் செல்லுங்கள். பெரிய பொய்யிரைப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடலாம்.